தும்பிக்கை இல்லாத யானை

விடுமுறைக்கு நாலு நாள் களிமண் முகாமில் சின்னவளைச் சேர்த்துவிட்டிருந்தேன். முதல் நாள் செய்த யானையின் தும்பிக்கை மறுநாள் காலையில் மேசைமேல் தனியாகக் கிடந்தது. ஒரே அழுகை.

சொல்லிக்கொடுக்கும் அக்கா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. உடைந்த இடத்தைக் காட்டி, "கீறலே காணோமே?" என்று மட்டும் கேட்டார். ஒட்டும் இரண்டு பக்கமும் ஊசியால் கீறி, கூழாகக் கரைத்த மண்ணைத் தடவி அழுத்தினால்தான் பிடிக்குமாம். இல்லையென்றால் காயும்போது மண் சுருங்கி விட்டுப்போகும்.

வயிற்றையும் குடையச் சொன்னார். தடிமனாக விட்டால் உள்ளே ஈரம் தங்கிவிடும். சூளையில் சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி யானையையே வெடிக்க வைத்துவிடும். முதல் சுடுதலே சுமார் 1000 டிகிரி வரை போகும். (காற்றுக் குமிழிதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.)

கடைசி நாளே பொம்மையைக் கையில் கொடு என்று நிற்கிற பெற்றோரைப் பார்த்தால்தான் எரிச்சல். மண் நிதானமாகக் காய வேண்டாமா? அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன் என்பது வேறு விஷயம்.

புது யானைக்குத் தும்பிக்கை கெட்டி. வால் வைக்கத்தான் மறந்துவிட்டாளாம்.