அங்கோர் நாட்குறிப்பு: நவம்பர் 2024

19 நவம்பர், செவ்வாய். சியெம் ரீப், கம்போடியா

அங்கோர் கோயில்களுக்கு மாலை ஐந்து மணியளவில் வாங்கும் நுழைவுச்சீட்டு மறுநாளிலிருந்துதான் கணக்கில் சேரும், வாங்கிய அன்றே சூரியன் மறைவதைப் பார்க்கவும் உள்ளே விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், விடுதியில் பெட்டிகளை வைத்த கையோடு அக்காவும் நானும் சீட்டு நிலையத்துக்குக் கிளம்பினோம். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாட்களுக்கு 62 டாலர். நம் முகத்தை அங்கேயே படம் பிடித்துச் சீட்டில் அச்சிட்டுத் தருகிறார்கள். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் காந்தா போஃபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது என்று அறிந்ததும், தொகை பெரிதாகத் தோன்றியது மறைந்துவிட்டது.

எங்களுடன் வரவிருக்கும் வழிகாட்டி இரவு விடுதிக்கே வந்து பேசிவிட்டுப் போனார். அரசு உரிமம் பெற்றவர், ஐம்பதைக் கடந்தவர், நிதானமான ஆங்கிலம் பேசுகிறவர். கட்டடங்களைப் பார்க்க விருப்பமா, கதைகளைப் பார்க்க விருப்பமா என்று கேட்டார். கதைகள் என்றோம். அப்படியானால் பார்க்கும் கோயில்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார், மகிழ்ச்சியோடு சம்மதித்தோம்.

20 நவம்பர், புதன்

விடிவதற்கு முன்பே அங்கோர் வாட் போய்ச் சேர்ந்தோம். குளக்கரையில் நூற்றுக்கணக்கானோர் படம் எடுக்கக் காத்திருந்தார்கள். சூரியன் எழுந்ததும் அவர்களில் பெரும்பாலோர் காலை உணவுக்குத் திரும்பிவிடுவார்கள், அதன் பிறகுதான் கோயில் நமக்குக் கிடைக்கும் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார், அப்படியே நடந்தது.

கோயிலைச் சூழ்ந்த அகழி 190 மீட்டர் அகலமுடையது. மழைக்காலம் இப்போதுதான் முடிந்திருப்பதால் நீர் கரை வரை நிற்கிறது. மணற்பாங்கான இந்த நிலத்தில் நிலத்தடி நீர் வற்றினால் அடித்தளம் இறங்கிவிடும் என்பதால், இத்தனை கல்லையும் தாங்கி நிற்பதில் அகழி நீருக்கும் பங்குண்டு என்று அவர் விளக்கினார். ஏரிகளை வெட்டிக் காத்த ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இது உடனே மனத்தில் பதியும். இங்கே 8 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்கு பராய் ஏரியும், நம் பக்கத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கமும் ஒரே பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

மேற்கு வாயிலில் எட்டுக் கைகளோடு நிற்கும் திருமாலுக்குப் பௌத்த முறைப்படி காவி ஆடை போர்த்தியிருந்தார்கள். ஊதுவத்திப் புகைக்கு நடுவே ஒரு குடும்பம் மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருந்தது. தா ரீச் என்ற பெயரில் அவர் இன்றும் இந்த ஊரின் காவல் தெய்வம். வழிகாட்டியும் வணங்கிவிட்டே உள்ளே அழைத்துச் சென்றார். இதைப் பாழடைந்த கோயில் என்று எழுதுகிறவர்கள் இந்த வாயிலில் பத்து நிமிடம் நிற்க வேண்டும்.

சுற்று மாளிகைக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பினோம். வழக்கமாக வலம் வருவதற்கு மாறாக, கோயிலை இடமாகச் சுற்றும்படியே கதைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். வாயில் மேற்கு நோக்கியிருப்பதையும் இதனுடன் சேர்த்து, அரசன் இரண்டாம் சூரியவர்மனின் நீத்தார் நினைவுக்காக எழுந்த கோயில் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். மேற்கு திருமாலுக்குரிய திசை என்பாரும் உண்டு. முதலில் வருவது குருச்சேத்திரம். இரு பக்கங்களிலிருந்தும் படைகள் ஒழுங்காக அணிவகுத்து வந்து, நடுவை நெருங்க நெருங்கக் கைகளும் வேல்களும் குதிரைகளும் பிரித்தறிய முடியாதபடி பின்னிக்கொள்கின்றன. அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரை அக்காதான் முதலில் கண்டுபிடித்தார்.

தெற்குச் சுவரில் சூரியவர்மனே வீற்றிருக்கிறான். அவனுடைய தளபதிகள் யானைகள்மீது வர, அவரவர் பெயர்கள் அருகிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அங்கோர் வாட்டைக் கட்டியவன் தமிழ் மன்னன் என்ற செய்தி கைபேசிகளில் ஓயாமல் வந்துகொண்டிருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்: கட்டியவன் கெமர் (கம்போடிய) அரசன், உழைத்தவர்கள் கெமர் மக்கள், மணற்கல் வந்தது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள குலேன் மலைப்பக்கத்திலிருந்து. நமக்கும் இவர்களுக்கும் இருந்த உறவுக்குச் சான்றுகள் வேறு இருக்கின்றன. கெமர் எழுத்து பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. காம்போச மன்னன் ராஜேந்திர சோழனின் நட்பை நாடித் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு கூறுகிறது. உண்மையான உறவு இத்தனை அழகாக இருக்கும்போது, பிறருடைய உழைப்பை நம்முடையதாக எழுதிக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது.

எமன் தீர்ப்பு வழங்கும் காட்சியைக் கடந்தால், கிழக்குச் சுவரில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல். ஒருபுறம் 92 அசுரர்கள், மறுபுறம் 88 தேவர்கள், நடுவில் திருமால், அவருக்குக் கீழே ஆமை. கடையும் இடத்தை நெருங்கும் மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாகச் சிதறுகின்றன. வாசுகியின் வாலைப் பிடித்திருப்பது ஒரு குரங்கு. அனுமன் என்றார் வழிகாட்டி. நாங்கள் கேட்டு வளர்ந்த கதையில் அனுமன் அங்கே இல்லை என்று அக்கா சொன்னபோது, எங்கள் கதையில் இருக்கிறார் என்று அமைதியாகப் பதிலளித்தார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெளியே வரும் வழியில், சுவரில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்த குழிகளைக் காட்டினார். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டுகளின் கொடிய ஆட்சியில் (1975–79) தந்தையை இழந்தபோது தமக்கு ஐந்து வயது என்பதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போர் ஓயாத 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே பணிபுரிந்ததை மட்டும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அவர்கள் கல்லைச் சுத்தம் செய்த முறைபற்றிப் பின்னாளில் கடும் விமர்சனம் எழுந்தது உண்மை. பலரும் வரத் தயங்கிய காலத்தில் வந்தார்கள் என்பதும் உண்மை.

மதியம் வாழையிலைக் கிண்ணத்தில் தேங்காய்ப்பால் சேர்த்து வேகவைத்த அமோக் மீன். பிறகு தா ப்ரோம். வேர்கள் சுவர்களைக் கவ்வியிருக்கும் இடங்களிலெல்லாம் படம் எடுப்பதற்கு வரிசை நின்றதால் விரைவாகக் கடந்தோம்.

பாயோன் கோயிலில்தான் மனம் மீண்டும் நிலைத்தது. ஏழாம் ஜெயவர்மன் எழுப்பிய அந்தக் கோபுரங்களின் முகங்களை எல்லோரும் அண்ணாந்து பார்க்க, வழிகாட்டி எங்களை வெளிச்சுவரின் அடிவரிசைக்கு அழைத்துச் சென்றார். மேலே அண்டை நாடான சம்பாவின் (இன்றைய வியட்நாமின் நடுப்பகுதி) வீரர்களோடு படகுப் போர் நடக்கிறது. கீழே ஒரு பெண் தராசில் பொருளை நிறுக்கிறாள், இருவர் சேவல்களை மோதவிடுகிறார்கள், ஒருத்திக்குப் பிரசவம் பார்க்கிறார்கள், உலையில் ஏதோ கொதிக்கிறது. அரசனின் வெற்றியைச் சொல்லும் சுவரில் சந்தைக்காரிக்கும் இடம் கொடுத்த சிற்பியை நினைத்து வியந்தேன். இதே அரசனின் கல்வெட்டுகள் 102 மருத்துவமனைகளைக் குறிப்பிடுகின்றன என்று சொல்லும்போது வழிகாட்டியின் குரலில் பெருமை தெரிந்தது.

21 நவம்பர், வியாழன்

நேற்றைய வழிகாட்டியையே இன்றும் வரச் சொன்னோம். பன்டே ஸ்ரீ செல்லும் சாலையோரம் பெண்கள் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வயல் வரப்புகளில் எங்கும் பனைமரங்கள். கம்போடியாவுக்கு அது தேசிய மரம், தமிழ்நாட்டுக்கு மாநில மரம். ஓலையில் சுற்றிய கருப்பட்டி வில்லைகளை வாங்கிக்கொண்டோம்.

பன்டே ஸ்ரீ 967இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். எழுப்பியவர் அரசரல்லர், யக்ஞவராகர் என்ற அரசகுரு. சிறிய கோயில்தான், ஆனால் இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தைச் செதுக்குவதுபோல் அத்தனை நுணுக்கமாக வேலை செய்திருக்கிறார்கள். ராவணன் கயிலையை அசைக்க, உமையம்மை அஞ்சி ஈசனைப் பற்றிக்கொள்ளும் சிற்பத்தின் முன் நெடுநேரம் நின்றோம்.

கிழக்கு முகப்பு ஒன்றில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில், ஒரு மூலையில், எலும்பும் தோலுமாக வற்றிய மார்புடன் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று வழிகாட்டியே பெயரைச் சொன்னார். அந்தக் காரைக்கால் எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். கடலோர ஊர், 1954 வரை அங்கேயும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள் என்றேன். எங்களைவிட ஓராண்டு அதிகம் என்று சிரித்தார். பேயுருவை வேண்டிப் பெற்று, கயிலைக்குத் தலையால் நடந்து சென்றதை அக்கா சொல்லத் தொடங்க, அடுத்த குழு வந்து நின்ற பிறகும் அவர் நகரவில்லை. ஈசன் ஆடும்போது காலடியில் இருந்து பாட வேண்டும் என்று கேட்டவர் என்று அக்கா சொன்னதும், அதனால்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாரா என்று மறுபடியும் அந்த மூலையைப் பார்த்தார்.

பீமனும் துரியோதனனும் மோதும் முகப்பு இங்கிருந்து ப்னோம் பென் தேசிய அருங்காட்சியகத்துக்கும், இன்னொரு முகப்பு பாரிசுக்கும் போய்விட்டன. நாளை ப்னோம் பென் பேருந்து காலையில் கிளம்புகிறது. பீமனைச் சனிக்கிழமை பார்க்கிறோம்.