கூட வந்தவர்கள்

சேலத்தில் என் கவுன்சிலிங் அறைக்கு யாரும் தனியாக வருவது அபூர்வம். அம்மா வருவார், அண்ணன் வருவார், சில நேரம் பெரியப்பாவும் சேர்ந்துகொள்வார். “இவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க மேடம்” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அந்த ‘இவன்’ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் சேர்ந்தபோது இந்தத் தொழில் என் கணக்கிலேயே இல்லை. ஏதாவது மில்லில் ஹெச்.ஆர். வேலை கிடைக்கும் என்றுதான் சேர்ந்தேன். களப்பணிக்குப் போட்டது குடிநோய் வார்டில். கைநடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது எல்லாம் மருந்தில் சில நாட்களில் அடங்கிவிடும். வராந்தாவில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த மனைவிகளிடம்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை. பயிற்சி மாணவிக்கு வேறு வேலை தராததால் நான் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். வீட்டுக்காரர் குடியை விட்டால் வீட்டில் என்னவெல்லாம் மாறும் என்று கேட்டால், பாதிப் பேரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஹெச்.ஆர். அதோடு போயிற்று.

அப்புறம் பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனையில் இரண்டு வருட எம்.ஃபில். தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வரும் குடும்பங்களோடு பேச, தமிழ் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிடுவார்கள். நோயாளியோடு வீட்டார் தங்குவது நம் நாட்டு மனநல மருத்துவத்தில் பழைய வழக்கம். 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையத்திலும் சொந்தக்காரர் ஒருவர் கூடவே இருப்பார். நாங்கள் படித்த அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸோ, எதிரே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியவர். தீர்ப்பு சொல்லாமல் கேள் என்று அவர் சொன்னது எனக்கு இன்றும் உதவுகிறது. பெரியப்பாவை என்ன செய்வது என்பதை நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் செய்வது இதுதான். முதல் பத்து நிமிடம் எல்லோரும் இருக்கலாம். பிறகு யாருக்காக வந்தார்களோ அவர் மட்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவர் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது என் கடமை. உயிருக்கு ஆபத்து என்றாலும், குழந்தைமீதான பாலியல் குற்றம் என்றாலும் வெளியே சொல்லியாக வேண்டியிருக்கும். இதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

ஒரு பையனைச் சொல்கிறேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன். அம்மாவின் கட்டைப்பையில் வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி, தலைக்கு எடுத்த எம்.ஆர்.ஐ., எல்லாமே நார்மல். தூக்கம் எப்படி என்று அவனைக் கேட்டால் அம்மா பதில் சொன்னார். தனியாக இருந்தபோது, “சாகணும்னு தோணியிருக்கா தம்பி?” என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. தோணும், ஆனால் செய்துகொள்ளும் யோசனை இல்லை என்றான். யாரும் இதுவரை கேட்டதில்லையாம்.

மனநல மருத்துவரிடம் அனுப்பினேன், மாத்திரை ஆரம்பித்தார்கள். என் பங்குக்குக் கொடுத்தது சின்ன வேலை: காலையில் பால் வாங்கிவருவது, வந்ததும் மனசு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு மார்க் போட்டு எழுதுவது. மனச்சோர்வில் இருப்பவர் உற்சாகம் வந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருப்பார். அது தானாக வராது. நடந்தால் கொஞ்சம் வரும். அம்மாவுக்கும் ஒரு வேலை: அவன் போகாத நாளில் பால் இல்லாமலே சமாளிப்பது. இரண்டில் இதுதான் கஷ்டமாக இருந்தது. “காபி இல்லாம எப்படி மேடம்?” என்றார். முதல் வாரம் நான்கு நாள் வரக்காபி. போன மூன்று நாளும் அவன் போட்ட மார்க் இரண்டு, இரண்டு, நான்கு.

துபாயிலிருந்து அப்பா வாட்ஸ்அப்பில், “என்னதான் சொல்றான்?” என்று கேட்டார். அவனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஃபீஸ் கட்டுவது நான்தானே என்றார். எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கவுன்சிலரைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை, ஃபீஸை மட்டும் லேட்டாக அனுப்புகிறார்.