இமை உள்ளே மடிந்தால்: நோயாளிக் குறிப்பிலிருந்து பில் வரை

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் வயதானவர்கள் கண்ணைக் காட்ட வந்தால் "பனிக்காத்து ஒத்துக்கல, தண்ணியா ஊத்துது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். குளிர்காற்றில் யாருக்கும் கண்ணீர் வரும். அதனாலேயே கீழ் இமை உள்ளே மடிந்து, முடி கருவிழியில் உரசுவது (எண்ட்ரோப்பியன்) கண்ணில் படாமல் போய்விடுகிறது.

உட்காரும்போது இமை சரியாக இருக்கலாம். கண்ணை இறுக்க மூடித் திறக்கச் சொல்லுங்கள். மடிப்பு அப்போதுதான் தெரியும். மரத்துப்போகும் சொட்டு போடும் முன்பே இதைச் செய்யுங்கள். எரிச்சலால் வந்த இழுப்பு சொட்டு விட்டதும் தணிந்துவிடலாம். அடுத்து கீழ் இமையைக் கீழே இழுத்து விடுங்கள். சிமிட்டாமலே பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் தளர்ச்சி. முன்பக்கமாக இழுக்கையில் கண்ணிலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டருக்கு மேல் விலகினாலும் அப்படியே. பிறகு இமையைப் புரட்டி உள்பக்கம் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ட்ரக்கோமா (இமையின் உள்பக்கத்தைத் தாக்கும் கண் தொற்று) தழும்பு பெரும்பாலும் மேல் இமையில்தான் இருக்கும். கடைசியாக, கீறலைப் பளிச்செனக் காட்டும் ஃப்ளூரசின் சாயம். கருவிழிக் கீறல் எந்த இடத்தில் என்று படம் வரைந்து வையுங்கள்.

"எண்ட்ரோப்பியன், அறுவை தேவை" என்ற ஒற்றை வரியோடு கோயம்புத்தூருக்கு அனுப்பினால் அங்கே பில் போடுபவருக்கு ஒன்றும் தெரியாது. எந்த இமை, மடிந்ததற்கு என்ன காரணம், கருவிழிக்கு என்ன பாதிப்பு, அதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள்: இவை வேண்டும். அழகுக்கான அறுவை அல்ல என்பதற்குச் சாயப் பரிசோதனைதான் சாட்சி. புகைப்படம் இறுக்கி மூடித் திறந்த உடனே எடுக்க வேண்டும். மூடுபனி நாளில் லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

குன்னூரில் வீட்டிலிருந்தே அமெரிக்க பில்களுக்கு கோடிங் (நோய்க்கும் அறுவைக்கும் குறியீட்டு எண் போடுவது) செய்பவர்கள் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். நோய்க் குறியீடுகள் இவை: முதுமைத் தளர்ச்சிக்கு எச்02.03 (H02.03), தழும்புக்கு எச்02.01, இழுப்புக்கு எச்02.04. இமை மடியாமல் முடி மட்டும் திரும்பியிருந்தால் எச்02.05. இவற்றின் பின்னால் எந்த இமை என்று சொல்லச் சேர்க்கும் கடைசி இலக்கம் வலது மேல் 1, வலது கீழ் 2, இடது மேல் 4, இடது கீழ் 5. அறுவைக் குறியீட்டோடு சேரும் மாடிஃபையரோ (அறுவை எந்த இமையில் என்று காட்டும் குறி) இடதிலிருந்து தொடங்குகிறது: இடது மேல் ஈ1 (E1), இடது கீழ் ஈ2, வலது மேல் ஈ3, வலது கீழ் ஈ4. ஆக, வலது கீழ் இமைக்கு எச்02.032 போட்டால் உடன் வருவது ஈ4. அந்த 2-ஐப் பார்த்துக் கை தானாக ஈ2 அடித்தால் நோய் வலது, அறுவை இடது என்றாகி காப்பீட்டு க்ளெய்ம் திரும்பிவிடும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே குறியீடு கிடையாது, தனித்தனியாகத்தான்.

அறுவைக் குறியீடு, தையல் மட்டும் போட்டால் 67921, டார்சல் ஸ்ட்ரிப் (தளர்ந்த இமையை வெளி ஓரத்தில் இறுக்கித் தைப்பது) போன்ற விரிவான சீரமைப்புக்கு 67924. அறுவைக் குறிப்பில் எது செய்யப்பட்டது என்று எழுதாமல் பெரிய எண்ணைப் போட முடியாது.

குழந்தைகளில் அவசரம் வேண்டாம். இமை ஓரம் சரியான இடத்தில் இருந்து, தோல் மடிப்பு மட்டும் முடியைத் தள்ளினால் அது எண்ட்ரோப்பியன் அல்ல, எபிபிளெஃபரான். பலருக்கு வளர வளரச் சரியாகும். பிறவியிலேயே இமை மடிந்திருந்தால் நோய்க் குறியீடு க்யூ10.2 (Q10.2).