இருக்க ஓர் இடம்

மூன்று நாளாகக் கவனித்தேன். வேலைக்குக் கிளம்புமுன் அம்மாவுக்கு நான் ஊற்றி வைக்கும் தேத்தண்ணி பாதிக்குமேல் சமையலறைத் தொட்டிக்குள் போயிருந்தது. ஊரில் விடியக்காலைத் தேத்தண்ணி குடிக்காமல் அம்மா ஒருவரோடும் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. சீனி வருத்தம் கூடிவிட்டதோ, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"அது ஒண்டுமில்லை பிள்ளை. பத்து மணிக்குப் பார்க்குக்குப் போறனான் எல்லே. தேத்தண்ணி குடிச்சா இடையில முட்டும். அங்க எங்க போறது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 78 வயது மனுசி, நாலு மரத்தைப் பார்த்து நடப்பதற்காக வாயைக் கட்டிக்கொண்டு போகிறார். அதுவும் சீனி வருத்தக்காரி. டொக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் இருப்பது கனடாவில், ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோவில், ஒரு அடுக்குமாடியில். ஆறு வழி வீதியைக் கடந்தால் பூங்கா. மேப்பிள் மரங்கள், நல்ல புல்வெளி, சுற்றி வரத் தார் போட்ட பாதை. கழிப்பறைக் கட்டடமும் இருக்கிறது. கதவில் பூட்டும் இருக்கிறது. குளிர்காலத்தில் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கும், அதனால் ரொறன்ரோவில் பல பூங்காக்களில் இவற்றைப் பூட்டிவிடுவார்கள். சரி, அது விளங்குகிறது. ஆனால் ஏப்ரல் கடைசியில் ஸ்னோ கரைந்து, ஐந்து மாதமாக வீட்டுக்குள் அடைபட்டிருந்த வயசாளிகள் எல்லாம் வெளியே வரும்போதும் அந்தப் பூட்டுத் தொங்கிக்கொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். எத்தனையோ தரம் அந்தப் பூங்காவுக்குள்ளால் நடந்திருக்கிறேன். அம்மாவின் நடையில் நடந்தது அன்றைக்குத்தான். வீதியைக் கடக்கும்போதே விளக்கில் வெள்ளை மனிதன் மறைந்து எண்கள் இறங்கத் தொடங்கின. நாங்கள் நடுவில் நின்றோம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். பூங்காவுக்குள் வந்தபிறகும் அந்தப் பிடி கொஞ்ச நேரம் தளரவில்லை.

முழுச் சுற்றுக்கும் இருந்து ஆற மூன்றே மூன்று வாங்கு. முதலாவது வாசலோடு. அங்கே களைப்பே வந்திருக்காது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஒரு ஏற்றம். அதன் பாதியில் அம்மா பாதையை விட்டு விலகிப்போய் ஒரு மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் மரப்பட்டை கொஞ்சம் வழுவழுப்பாக இருந்ததுபோல எனக்குப் பட்டது. எத்தனை பேர் இப்படிக் கைவைத்து நின்றிருப்பார்களோ! வாங்கில் இருந்துவிட்டு எழும்புவதும் லேசில்லை. கைபிடி இல்லாத வாங்கு அது. முழங்கால் நொந்தவருக்கு ஊன்றி எழும்ப ஏதாவது வேண்டும். அம்மா பலகையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று தனக்குத்தானே சொல்லி எழும்பினார். மூன்றுக்கு வரவில்லை. திரும்பவும் எண்ணினார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பருத்தித்துறையில் இருக்க இடம் தேடி யாரும் அலைந்ததில்லை. தும்பளைப் பக்கம் போகும் வீதியில் தெருமூடி மடம் இருக்கிறது. வீதிக்கு மேலேயே கூரை, இரண்டு பக்கமும் கல்லுத் திண்ணை, தூண்கள். நடுவில் ஆட்களும் சைக்கிளும் போய்க்கொண்டிருக்க, வெயிலுக்கு ஒதுங்கினவர்கள் திண்ணையில் காலை நீட்டிக் கொண்டிருப்பார்கள். அம்மம்மா சந்தையால் வரும்போது அங்கே இருந்து வெற்றிலை போட்டுவிட்டுத்தான் மிச்சத் தூரம் நடப்பார். நான் பக்கத்தில் இருந்து அந்தக் குளிர்ந்த கல்லில் கன்னத்தை வைத்துக்கொள்வேன். அதைத் தாண்டினால் கோயில் வீதி, தேர்முட்டிப் படி, யாரோ ஒருவர் வீட்டுப் படலையடி. போகிற வழியெல்லாம் களைப்பாற ஒரு இடம் வரும். கட்டினவர்கள் நடக்கிறவரை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கனடாவுக்கு வந்து 16 வருடமாகிறது. எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், ஊர்ப் பேச்சு வந்தாலும் முந்தி மாதிரிக் கண் கலங்குவதில்லை. ஆனால் மே மாதம் லைலாக் பூத்து அந்த மணம் யன்னலால் வரும்போது, ஒரு கணம் அது வேப்பம்பூ. வெள்ளைச் சேலையில் அம்மம்மா பாய் விரித்து அந்தப் பூவைக் காயவைப்பதுவரை போய்விட்டுத்தான் திரும்பி வருகிறேன்.

அம்மாவுக்குச் செரிப்பூக் காட்ட வேண்டும் என்று போன வருடம் ஹை பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நகரத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது, 161 ஹெக்டேயர். ஜோன் ஹோவார்ட் என்ற கட்டடக் கலைஞரும் அவர் மனைவியும் 1873 இல் தங்கள் காணியை நகரத்துக்கு எழுதிக்கொடுத்தார்களாம், மக்கள் காசில்லாமல் வந்துபோக வேண்டும் என்ற நிபந்தனையோடு. செரி மரங்கள் 1959 இல் ரோக்கியோ மக்கள் தந்தவை. இதையெல்லாம் சொல்லச் சொல்ல அம்மா பூவைத் தொடாமல் கையை மட்டும் கீழே விரித்துப் பிடித்தார், உதிர்ந்தால் விழட்டும் என்று. அவ்வளவு வடிவு. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து பஸ்ஸும் ரெயிலும் மாறிப் போய்ச் சேரவே ஒன்றரை மணித்தியாலம். அன்றிரவு அம்மாவின் கால் வீங்கிவிட்டது. ஸ்காபரோவின் கிழக்கு விளிம்பிலேயே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது, 79 சதுர கிலோமீற்றர், அதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே நாங்கள் போன பாதையில் மர வேரும் மேடுபள்ளமுமாக இருந்ததால் பத்தடியோடு திரும்பிவிட்டோம். வயசாளிக்குப் பெரிய காடு தூரத்தில் இருந்து என்ன? தினம் போய்வரக் கூடிய சின்னப் பூங்காதான் அவர்களுக்கு வேண்டும்.

தேத்தண்ணி விஷயம் மனதை விட்டுப் போகாததால் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 2005 இல் ஒரு சட்டம் வந்தது: 2025 ஆம் ஆண்டுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் புழங்கக் கூடிய மாகாணமாக ஆக்குவது என்று. அதன்கீழ் வந்த விதிகளில், புதிதாகப் போடும் நடைபாதை குறைந்தது 1500 மில்லிமீற்றர் அகலம் இருக்க வேண்டும் என்று அளவோடு எழுதியிருக்கிறது. ஆறியிருக்கும் இடத்துக்கு வந்தால் அளவில்லை. எங்கே வேண்டும் என்று பொதுமக்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதோடு சரி. எனக்கு இது மெத்தக் கவலை. அகலத்தை மில்லிமீற்றரில் அளக்க முடிந்தவர்களுக்கு, இத்தனை அடிக்கு ஒரு வாங்கு என்று எழுத ஏன் கை வரவில்லை? கேட்க வேண்டும் என்றால் அம்மாவைக் கேட்கட்டும். அவருக்கு அந்தப் பாதையில் எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று தெரியும்.

எங்கள் வட்டார நகரசபை உறுப்பினருக்கு எழுதினேன். ஏற்றத்தில் கைபிடி வைத்த வாங்கு ஒன்று, ஏப்ரலிலேயே கழிப்பறைக் கதவைத் திறப்பது, வீதியைக் கடக்கும் விளக்கில் இன்னும் சில செக்கன்கள். மூன்றையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "கதவை முதல்ல எழுது" என்றார். மாற்றி எழுதினேன்.

பதில் வருமுன்னமே கதவுப் பிரச்சினைக்கு ஒரு சீன அம்மா வழி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். காலையில் கையை மெல்ல மெல்ல வீசித் தேகாப்பியாசம் செய்யும் கூட்டத்தில் ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் இரண்டு சொல். ஒருநாள் அம்மா அவசரமாக வீட்டுக்குத் திரும்புவதைக் கண்டு என்னவென்று விளங்கிக்கொண்டு, கையைப் பிடித்துப் பின்பக்க வாசலால் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறார்கள். ஆளுக்கு ஒரு மொழியில் கதைத்துக்கொண்டு. என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டால், "அவவின்ர மருமகளைப் பற்றி" என்கிறார் அம்மா.

தேத்தண்ணி இப்போது அரைக் கோப்பைக்கு வந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வாங்கில் இருந்தோம். முதுகுப் பலகையில் சின்னப் பித்தளைத் தகடு ஒன்று. இத்தனை நாள் அதில் சாய்ந்திருந்த அம்மா அன்றைக்குத்தான் கேட்டார், "இதில என்ன எழுதியிருக்கு?"

"செத்துப்போன ஒரு பொம்பிளையின்ர பேர், அம்மா. அவவுக்கு இந்தப் பூங்கா விருப்பமாம். அவவின்ர நினைவா வீட்டுக்காரர் இந்த வாங்கைப் போட்டிருக்கினம்."

"ஓ, சுமைதாங்கி" என்றார்.

ஊரில் நெஞ்சளவு உயரத்தில் நிற்கும் அந்தக் கல் ஞாபகத்துக்கு வந்தது. தலைச்சுமையோடு வருகிறவர், இறக்கிவிட ஆள் தேடாமல் தானே சரித்து வைக்கலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனவளின் நினைவாக நட்டு வைப்பார்கள். அம்மம்மாவும் அப்படி ஒரு கல்லில்தான் கடகத்தை இறக்குவார் என்று அம்மா சொன்னார். யாருடைய கல் என்று அவருக்குப் பெயர் தெரியுமாம்.

பிறகு சால்வை நுனியை எடுத்து, தகட்டில் படிந்திருந்த மகரந்தத் தூளைத் துடைத்தார். "பேரை இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். அம்மா அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, பலகை விளிம்பில் கையை ஊன்றினார்.

"ஒண்டு, ரெண்டு..."