ஏழூர் நடை: திருவையாற்றில் தொடங்கி நெய்த்தானம் வரை

ஏழூர் தரிசனம் என்றால் இப்போதெல்லாம் கார் பேசிக்கொண்டு காலையில் கிளம்பி, நடை சாத்துவதற்குள் ஏழு கோயிலையும் முடித்துவிடுகிறார்கள். சாமி எல்லாம் பார்த்த மாதிரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஏழு ஊரும் ஒரு கல்யாணத்துக்காக ஒன்று சேர்ந்த ஊர்கள். அந்தக் கல்யாணக் கதையை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டுமானால் நடந்துதான் போக வேண்டும் என்பது என் கட்சி.

கல்யாணம் நந்திக்கு. சிலாத முனிவர் யாகத்துக்கு நிலம் உழுதபோது கிடைத்த பிள்ளையை, திருவையாற்றுச் சிவபெருமானான ஐயாரப்பர் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டு, பங்குனி புனர்பூசத்தில் திருமழபாடியில் சுயசையை மணம் முடித்து வைக்கிறார். பெற்றவர் ஸ்தானத்தில் நின்றால் சும்மா இருக்க முடியுமா? பழத்துக்குத் திருப்பழனம், சாப்பாட்டுக்குத் திருச்சோற்றுத்துறை, மந்திரம் ஓத வேதியர்களுக்குத் திருவேதிகுடி, நகைக்குத் திருக்கண்டியூர், பூவுக்குத் திருப்பூந்துருத்தி, ஹோமத்துக்கு நெய் தில்லைஸ்தானம் என்கிற திருநெய்த்தானம். ஒத்தாசை செய்த ஊர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல, கல்யாணம் முடிந்தபின் ஐயாரப்பரே மணமக்களை அழைத்துக்கொண்டு சித்திரை விசாகத்தில் ஊர் ஊராகப் போகிறார். அதுதான் சப்தஸ்தானப் பெருவிழா. எங்கள் பக்கம் ஏழூர் என்றால் போதும், எல்லாருக்கும் விளங்கிவிடும்.

நாங்கள் போனது மாசியில். துணைக்கு என் அத்தை, அதாவது என் மாமியார். அறுபதைத் தாண்டியவர், முட்டி வலி உண்டு, ஆனாலும் “வண்டி வேண்டாம்மா, நடந்தே போவோம்” என்று முதலில் சொன்னவரே அவர்தான். அவரே நடக்கலாம் என்றால் யாரும் நடக்கலாம். டெல்டா பூமி, ஏற்றமும் கிடையாது இறக்கமும் கிடையாது. கோயிலுக்குக் கோயில் இரண்டு கிலோமீட்டரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்தான். மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் அவசரப்பட்டும் பயனில்லை. இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் சௌகரியம்.

விடியற்காலையில் திருவையாறு பூசப் படித்துறையில் கால் நனைத்துவிட்டுத் தொடங்கினோம். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதால் மாசியில் காவிரி பெரும்பாலும் மணல்தான். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தெளிந்த நீர் ஓடும். 1847-இல் சித்தியடைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி இதே கரையில்தான் இருக்கிறது. ஆராதனைக் கூட்டம் கலைந்த பின் அங்கே போய் உட்கார்ந்தால் ஆற்றுக் காற்று மட்டும்தான் துணை.

கோயிலின் தெற்கு வாசலில் ஆட்கொண்டார் சன்னதி. எமனிடமிருந்து அடியவரைக் காத்தவர். அவர் எதிரில் குங்கிலியக் குண்டம் எப்போதும் புகைந்துகொண்டே இருக்கிறது. வருகிறவர்கள் ஒரு பொட்டலம் பிரித்துக் கொட்டுவார்கள். ஒரு கணம் வெள்ளையாகச் சுருண்டு எழும் புகை சேலையில் ஏறினால் சாயங்காலம் வரை போகாது. பக்கத்துச் சுவரெல்லாம் கரி பிடித்துக் கறுத்து மினுங்குகிறது. உள்ளே ஐயாரப்பர் கருவறையைச் சுற்றி வர அனுமதியில்லை. பின்புறம் இறைவனின் சடை விரிந்து கிடக்கிறது, மிதிக்கக் கூடாது என்பது ஐதீகம். பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று “ஐயாறா” என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். என் காதுக்கு அத்தனை எட்டவில்லை. அத்தைக்கு ஏழும் கேட்டதாம்.

வடகயிலாயத்தையும் பார்க்காமல் வரக் கூடாது. ராஜராஜனின் தேவி லோகமாதேவி எடுப்பித்த தனிக் கற்கோயில் அது. கூட்டம் ஐயாரப்பரோடு திரும்பிவிடுவதால் இங்கே நிம்மதியாக நிற்கலாம்.

அப்பர் கயிலைக் காட்சி கண்டதும் இதே ஊரில்தான். வயதான காலத்தில் கயிலை போக நடந்து, கால் தேய்ந்து, தவழ்ந்து, புரண்டு, முடியாமல் கிடந்தவரை, ஒரு பொய்கையில் முழுகச் சொல்லி ஐயாற்றுக் குளத்தில் எழச் செய்தார் சிவபெருமான். எழுந்தவர் கண்ணில் பட்டது பிடியோடு வரும் களிறு, பெடையோடு கூடிய கோழி, குயில், மயில், நாரை, கிளி, இளநாகோடு வரும் ஏறு. எல்லாம் சோடி சோடியாக. அவற்றிலேயே சக்தியையும் சிவத்தையும் கண்டு “கண்டறியாதன கண்டேன்” என்று பாடினார். யானையையும் மயிலையும் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் இந்த வழியில் இன்றைக்கும் கண்ணில் படுகிறது. காரில் போகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

திருப்பழனத்துக்குக் கும்பகோணம் சாலையில் கிழக்கே நடக்க வேண்டும். பேருந்துகள் உரசிக்கொண்டு போகும் சாலை, இந்தப் பயணத்திலேயே சுகமில்லாத பகுதி இதுதான். விடிகாலையிலேயே கடந்துவிடுவது உத்தமம். ஆபத்சகாயரைத் தொழுதுவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போனால் அப்பூதியடிகளின் திங்களூர். பாம்பு தீண்டிய அவர் பிள்ளையை அப்பர் பதிகம் பாடி எழுப்பிய ஊர். சந்திர பரிகாரத்துக்கு வருகிறவர்களில் பலர் இதைக் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

அங்கிருந்து தெற்கே சோற்றுத்துறைக்குக் காவிரியையும் குடமுருட்டியையும் கடக்க வேண்டும். தண்ணீர் ஓடினால் இந்த வழியை நினைக்கவே வேண்டாம், திருவையாறு திரும்பிப் பாலம் வழியாகக் கண்டியூர் போய்விடுங்கள். வற்றியிருந்தாலும் உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினோம். மேல் மணல் சுட ஆரம்பித்திருந்தது, குதிகால் புதையும் இடத்தில் ஜில்லென்று ஈரம். அக்கரை ஏறினால் படுகை. மூங்கில் கொத்துகள் ஒன்றோடொன்று உரசி முனகும் சத்தம், நாணல், கரையில் பருத்த மருத மரங்கள், அப்புறம் வாழை. மரத்தடியில் இருட்டாகவே இருக்கிறது, வெயில் காசு காசாகத்தான் விழுகிறது. இப்படி ஒரு நிழல் இருக்கும்போது காரில் ஏசி எதற்கு?

படுகை முடிந்ததும் வயல். சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பூத்திருந்தது. இரண்டு நாரைகள் வாய்க்கால் ஓரம் மெதுவாகக் கால் மாற்றி மாற்றி நடந்தன. அத்தை வரப்பில் நின்றுவிட்டார். “ஏம்மா, அந்தக் காலத்துல கல்யாணச் சாமானைத் தலையில தூக்கிக்கிட்டு இந்த வரப்புலதானே வந்திருப்பாங்க?” என்றார்.

திருச்சோற்றுத்துறையில் பஞ்ச காலத்தில் அருளாளன் என்ற அடியாருக்கு அட்சய பாத்திரம் கொடுத்ததாகத் தல வரலாறு. அம்பாள் பெயர் அன்னபூரணி, சுவாமிக்குத் தொலையாச் செல்வர் என்றே பெயர். சுற்றிலும் நெல் வயலாக இருக்கும் ஊரில் இந்தப் பெயர்களைக் கேட்பது தனி நிறைவு. திருவேதிகுடியில் அதிக நேரம் நிற்கவில்லை, ஆனால் கருவறைச் சுவர் மாடமான கோஷ்டத்தில் இருக்கும் அர்த்தநாரீசுவரரைக் கவனித்துப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாக அம்பிகை வலப்பாகத்தில் இருக்கிறாள். திருமணத் தடை நீங்கச் சம்பந்தரின் பதிகத்தை இங்கே படிக்கிறார்கள். சின்னக் கோயில்களில் குருக்கள் இருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கண்டியூர், சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் ஒன்று. பிரமனின் தலையைக் கொய்த இடம். தலை போன பிரமனுக்கே சரசுவதியோடு தனிச் சன்னதி கொடுத்திருப்பதுதான் அழகு. அருகிலேயே திவ்ய தேசமான அரசாப விமோசனப் பெருமாள் கோயில். கையில் ஒட்டிக்கொண்ட கபாலம் சிவனைவிட்டு நீங்கிய தலம் அது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

எனக்கு மனதில் நின்றது திருப்பூந்துருத்தி. அப்பர் மடம் அமைத்துத் தங்கிய ஊர். பல்லக்கில் வந்த சம்பந்தரை எதிர்கொள்ளப் போனவர், கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் நுழைந்து தானும் தோள் கொடுத்துச் சுமந்தார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, உம்மைத் தாங்கும் பேறு பெற்று இங்கேதான் இருக்கிறேன் என்று கீழேயிருந்து குரல் வருகிறது. அப்பர் உழவாரம் செய்த மண்ணை மிதிக்க அஞ்சிச் சம்பந்தர் வெளியிலேயே நின்றதால் நந்தி விலகி வழிவிட்டதாம். நந்தி இன்றும் நேர்கோட்டில் இல்லை, ஒதுங்கித்தான் இருக்கிறது. அத்தை வாசலிலேயே நின்று, அந்த இடைவெளி வழியாகச் சுவாமியைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மறுபடி குடமுருட்டி, காவிரி, மணல். வடகரையில் நெய்த்தானம். நெய்யாடியப்பருக்கு நெய் அபிஷேகம் விசேஷம். இங்குள்ள பழைய கல்வெட்டு ஒன்று, விக்கி அண்ணன் என்ற தலைவனுக்குச் சோழனும் சேரன் தாணு ரவியும் சேர்ந்து சிறப்புச் செய்ததைச் சொல்கிறது. பொதுவாகச் சோழர் காலத்தில் நந்தா விளக்கு என்கிற அணையா விளக்கு ஒன்று எரிய 96 ஆடுகள் விடுவார்கள். சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை என்று கணக்கு வைத்து, “சாவா மூவாப் பேராடு” என்று எழுதினார்கள். செத்தது போனாலும் குட்டியால் எண்ணிக்கை குறையக் கூடாது, விளக்குக்கு நெய் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அங்கிருந்து ஐயாறு இரண்டே கிலோமீட்டர். சித்திரையில் ஏழூர்ப் பல்லக்குகளும் ஒன்றுகூடித் திருவையாறு திரும்பும்போது, பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடும். அதைக் காணவே ஜனம் திரளும். பல்லக்கோடு முழு வழியும் நடக்க ஆசையிருந்தால் சித்திரை மணல் சூட்டுக்குத் தயாராக இருக்க வேண்டும். முட்டி வலிக்காரர்கள் எங்களைப் போல மாசியில் நடந்துவிட்டு, பூப்போடுவதற்கு மட்டும் சாயங்காலம் வெயில் தாழ வந்து இடம் பிடித்துக்கொள்ளலாம்.