செல்கள் செத்தால் சுரப்பி ஏன் வீங்குகிறது?

எம்பிபிஎஸ் பேத்தாலஜி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னைத் திணறவைத்த கேள்வி இது: "ஹாஷிமோட்டோவில தைராய்டு செல் சாகுதுன்னு சொல்றியே, அப்புறம் கழலை எப்படிம்மா வருது?" ஹாஷிமோட்டோ, கிரேவ்ஸ் இரண்டும் உடலின் எதிர்ப்பு மண்டலமே தைராய்டுக்கு எதிராகத் திரும்பும் நோய்கள்; முதலாவதில் ஹார்மோன் குறையும், இரண்டாவதில் கூடும். இரண்டையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். அந்த அட்டவணையில் இதற்குப் பதில் இல்லை.

பிறகு லேபில் அந்த ஸ்லைடோடு பொறுமையாக உட்கார்ந்தேன். ஃபாலிக்கிள்கள் (ஹார்மோன் சுரக்கும் செல்களாலான சிறு பைகள்) சுருங்கிக் கிடக்க, இடையெல்லாம் லிம்போசைட்டுகள், அதாவது எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளணுக்கள். நிணநீர்க் கணுவில் இருப்பதுபோல லிம்போசைட்டுகள் பெருகும் ஜெர்மினல் சென்டர்கள்கூட உருவாகியிருந்தன. சுரப்பியைப் பெரிதாக்குவது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். இன்னொன்று, ஹார்மோன் குறையக் குறைய, தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச் ஏறி, மிஞ்சிய செல்களை வளரத் தூண்டுகிறது. 1912-இல் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் தைராய்டில் கண்டு எழுதியதும் இந்த லிம்போசைட்டுகளைத்தான். இந்த நோயில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பது தெரியவந்தது 1956-இல். நீங்களும் ஸ்லைடிலிருந்தே தொடங்குங்கள்.

ஹாஷிமோட்டோவில் செல் சாவது அப்போப்டோசிஸ் வழியில், அதாவது செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் முறையில். சிடி8 செல்கள் (கொல்லும் வகை லிம்போசைட்டுகள்) பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற புரதங்களைச் செலுத்திக் கொல்கின்றன. எதிர்ப்பு செல்கள் விடும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களால் தைராய்டு செல்லில் ஃபாஸ் என்ற சாவு ஏற்பி கூடி, செல்லை உள்ளிருந்தே அழிக்கும் கேஸ்பேஸ் நொதிகள் முடுக்கப்படுவதும் உண்டு. தைராய்டின் டிபிஓ நொதிக்கு எதிரான ஆன்டிபாடி நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். முழுப் பழியையும் அதன்மேல் போட்டு எழுதாதீர்கள். நான் அப்படி எழுதி மதிப்பெண் இழந்தேன்.

கிரேவ்ஸுக்கு வரும்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: டிஎஸ்எச் அடியில் கிடக்கிறது, சுரப்பி ஏன் வளர்கிறது? அதன் ஏற்பியில் ஆன்டிபாடி போய் உட்கார்ந்து, டிஎஸ்எச்சின் வேலையை ஓயாமல் செய்கிறது. செல்கள் உயரமாகி, எண்ணிக்கையிலும் பெருகி, இடம் போதாமல் ஃபாலிக்கிளுக்குள் மடிந்து நீட்டுகின்றன. ஃபாலிக்கிளை நிரப்பும் கூழான கொலாய்டின் ஓரம் கடித்து எடுத்தது போல இருக்கும். அந்த மடிப்புக்குள் ரத்தக்குழாயுள்ள தண்டு இருக்காது, பாப்பில்லரி கேன்சரில் இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் படித்து வையுங்கள்.

இது பிடிபட்டதும், எதிர்ப்பு மண்டலம் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரென் நோய் எனக்கு எளிதாகிவிட்டது. உமிழ்நீர்ச் சுரப்பியில் உமிழ்நீரைச் சுரக்கும் அசினஸ் செல்கள் அழிந்துபோக, நாளத்தின் செல்கள் பெருகித் தீவுகளாக நிற்கும். சாவும் வளர்ச்சியும் ஒரே ஸ்லைடில். படம் வரையும்போது தீவுகளை முதலில் போட்டுவிட்டு, சுற்றிலும் லிம்போசைட்டுகளைப் புள்ளி புள்ளியாக நிரப்புங்கள்.