முதல் 60 அடியில் தொலைந்த நேரம்

டிராக் ரேஸ், அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல் ஓடும் போட்டி. அதன் ட்ராக்கில் முதல் ரன் முடித்துத் திரும்பி வரும்போது டைமிங் ஜன்னல் வழியாக ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். கால் மைல், அதாவது 402 மீட்டர், 12.71 விநாடி. பக்கத்து லேனில் ஓடிய 600 சிசி வண்டி 11.4-இல் முடித்திருந்தது. என்னுடையது யமஹா வி-மேக்ஸ், 1198 சிசி. இன்ஜின் அளவில் அதைப்போல இரண்டு மடங்கு. ஹெல்மெட்டைக் கழற்றாமலே சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

வி-மேக்ஸ் 1985-இல் வந்த வண்டி. நான் வைத்திருப்பது 1994 மாடல். வி வடிவத்தில் நான்கு சிலிண்டர், ஐந்து கியர், பின்சக்கரத்துக்குச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட். பெட்ரோல் போட்டால் 280 கிலோவைத் தாண்டும். லெதர் உடை, பூட்ஸ், ஹெல்மெட்டோடு நானும் ஏறினால் மொத்தம் 370 கிலோ. இவ்வளவு கனமான வண்டியை ஏன் வாங்கினேன் என்றால் வி-பூஸ்ட்டுக்காகத்தான். சாதாரண ஓட்டத்தில் ஒரு சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர். 6000 ஆர்பிஎம் பக்கம் வந்ததும் ஒரு சின்ன மோட்டார், பக்கத்துப் பக்கத்து இன்டேக் குழாய்களை இணைக்கும் வால்வைத் திறக்க ஆரம்பிக்கும். 8000-இல் முழுசாகத் திறந்துவிடும். அப்போது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு கார்புரேட்டர் வழியாக மூச்சு இழுக்கும். சில நாடுகளில் இந்த ஏற்பாடே இல்லாமல்தான் இந்த வண்டியை விற்றார்கள். அதை வைத்திருப்பவர்கள் பாவம்.

சரி, 12.71 வந்ததும் நான் செய்த முதல் காரியம் இன்ஜினைச் சந்தேகப்பட்டதுதான். வயதான வண்டி, மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். நான்கு கார்புரேட்டரையும் இறக்கிக் கழுவினேன், உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் வேக்கும் கேஜ் மாட்டி நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன், வால்வ் இடைவெளி பார்த்து அதைச் சரிசெய்யும் ஷிம் தகடுகளை மாற்றினேன், புது பிளக், புது ஃபில்டர். வாரக் கடைசிகள் எல்லாம் இதிலேயே போயின. நான்கு மாதம் கழித்து மறுபடி ட்ராக்குக்குப் போனேன். 12.58.

நான்கு மாத உழைப்புக்கு 0.13 விநாடி.

அன்றைக்கு ஸ்டேஜ் வரிசையில், அதாவது கிளம்பும் கோட்டுக்குப் போகக் காத்திருக்கும் வரிசையில், எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் நின்றார். பழைய ஏர்-கூல்டு வண்டி, பெயின்ட் உதிர்ந்து கிடந்தது. என் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நான் கடைசி வரியைக் காட்டினேன். அவர் கட்டைவிரலால் கடைசி வரியை மூடிவிட்டு, "தம்பி, இங்க பார்க்காதீங்க. மேல பாருங்க" என்றார்.

டைம் ஸ்லிப்பில், அதாவது அந்தத் துண்டுச் சீட்டில், நேரம் ஒரே ஒரு எண்ணாக வராது. 60 அடி, 330 அடி, 660 அடி, 1000 அடி, 1320 அடி என்று ஒவ்வொரு இடத்தையும் எத்தனை விநாடியில் தொட்டோம் என்று இருக்கும். கடைசி 66 அடியின் சராசரி வேகம் தனியாக இருக்கும். என் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு 11.5 பக்கம் வந்திருக்க வேண்டும் என்றார். மேல் வரியில் 60 அடிக்கு எனக்கு 2.14. "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. நீங்க சிக்னல்ல கிளம்புற மாதிரி கிளம்பறீங்க" என்றார். முதல் 18 மீட்டரில் ஒரு பத்தில் ஒரு பங்கு விநாடி விட்டால், முடிவுக் கோட்டைத் தொடும்போது அது ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்காக ஆகிவிடும் என்பது ட்ராக்கில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எனக்குத்தான் தெரியவில்லை.

அவர் சொன்னது சரிதான். நான் 3000 ஆர்பிஎம்-இல் கிளட்சை விட்டுவிட்டு, அப்புறம்தான் த்ரோட்டிலை முறுக்கினேன். கால்கள் இரண்டும் முப்பது மீட்டர் வரை தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தன. பயம். 280 கிலோ ஒருபக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்ற கணக்குதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ரன்னில் வீரம் காட்டினேன். 5500 வைத்து கிளட்சைப் பட்டென்று விட்டேன். முன்சக்கரம் தூக்கும் என்று நினைத்து மார்பை டாங்க் மேல் அழுத்தி வைத்திருந்தேன். டாங்க் என்றது பழக்கத்தில் வந்துவிட்டது. இந்த வண்டியில் அது வெறும் மூடி, பெட்ரோல் டாங்க் இருப்பது சீட்டுக்கு அடியில். முன்சக்கரம் அசையக்கூட இல்லை. அதற்குப் பதில் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. சக்கரத்துக்குச் சக்கரம் 1590 மில்லிமீட்டர் நீளம், எடையெல்லாம் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது, பின்னால் 150 அகல 15 அங்குல டயர். நீளமும் தாழ்வும் உள்ள வண்டி எழும்புவதற்கு முன் வழுக்கிவிடும். 60 அடிக்கு 2.31. முதலில் வந்ததைவிட மோசம்.

அதற்குப் பிறகுதான் இடது கையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

செய்ய வேண்டியது கேட்பதற்கு எளிது. வலது கை ரெவ்வை 4500-இல் நிறுத்தி வைக்க வேண்டும். இடது கை கிளட்ச் லிவரைக் கடிக்கும் இடத்துக்கு, அதாவது கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே நழுவவிட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். 60 அடிக் கோடு வரும்போதுதான் லிவர் முழுசாக வெளியே இருக்க வேண்டும். அதாவது ஒன்றே முக்கால் விநாடி நேரம் இரண்டு விரல்களை வைத்து 370 கிலோவைத் தள்ள வேண்டும். லிவர் கடிக்க ஆரம்பிக்கும் இடத்துக்கும் முழுசாகப் பிடிக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து பார்த்தேன். என் சுண்டுவிரலின் தடிமன். அவ்வளவுதான். எல்லாம் அந்த இடைவெளிக்குள் நடக்க வேண்டும். கடிக்கும் இடம் தெரிவதற்காக ஹேண்டில் கிரிப்பில் வெள்ளை டேப் துண்டு ஒன்று ஒட்டிப் பார்த்தேன். இரண்டு ரன்னில் தெரிந்துவிட்டது, சூடேறினால் கடிக்கும் இடமே நகர்ந்துவிடுகிறது. டேப்பைக் கிழித்துப் போட்டேன். விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படி இரண்டு நாள் பழகினதில் 60 அடி 1.95 வரை இறங்கியது. அப்போதுதான் அந்த ரன் வந்தது. மூன்றாவது கியரில் 7000 தாண்டியதும் டாக்கோமீட்டர் முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் பாய்ந்தது. ஆகா, வி-பூஸ்ட் இன்றைக்குத்தான் முழுசாகத் திறக்கிறது என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். டைம் ஸ்லிப்பில் வேகம் 171 கிலோமீட்டர்தான். முள் ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் நழுவியிருக்கிறது, நான் கைதட்டியிருக்கிறேன்.

காரணத்தில் பாதி வயது, பாதி நான். கிளட்சை அழுத்திப் பிடிக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங் வண்டியோடு வந்த அதே பழையது. போதாக்குறைக்கு, கடைசியாக ஆயில் மாற்றும்போது வீட்டில் மீதி இருந்த கார் ஆயிலை ஊற்றியிருந்தேன். இந்த வண்டியில் கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி ஓடுவது. மைலேஜ் கூட்டுவதற்காக உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயிலை அதற்குள் ஊற்றினால், கிளட்ச் தகடுகளும் அந்த மருந்தைக் குடிக்கும். மூடியைத் திறந்ததும் கருகிய வாடை முகத்தில் அடித்தது. ஸ்டீல் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கண்ணாடிப் பலகையில் வைத்தேன். அவற்றில் மூன்று, மயில் கழுத்து மாதிரி நீலமாகியிருந்தன. அந்த மூன்றின் அடியிலும் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, சுலபமாக நுழைந்தது. வளைந்துவிட்டன.

புது உராய்வுத் தகடுகளை ஒரு ராத்திரி முழுக்க பைக் ஆயிலில் ஊறப்போட்டு மாட்டினேன். ஸ்பிரிங் விஷயத்தில் வி-மேக்ஸ்காரர்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். ஒரு டயாஃப்ரம் ஸ்பிரிங்குக்கு மேல் இன்னொன்று. அதன் பிறகு கிளட்ச் நழுவவே இல்லை. ஆனால் லிவர் கல் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு விரல் போதாமல் மூன்றாவதும் தேவைப்பட்டது.

டயர் விஷயத்திலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பெரிய கார்கள் டயரைச் சூடாக்கத் தண்ணீரில் நின்று புகை கிளப்புவதைப் பார்த்து நானும் தண்ணீருக்குள் போய் நின்றேன். முன்டயர் நனைந்து, அந்த ஈரத்தை நேராக ஸ்டார்ட்டிங் கோட்டுக்குக் கொண்டுபோனது. பின்டயரின் கோடுகளுக்குள் நின்ற தண்ணீர் கிளம்பும்போது சொட்டியது. சாலை டயர் போட்டவன் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய், காய்ந்த தரையில் ஒரு நொடி சுற்றி ஒட்டியிருக்கும் கல்லையும் மண்ணையும் உதறினால் போதும். பின்டயர் காற்றைச் சாலையில் வைப்பதைவிட 8 பிஎஸ்ஐ குறைத்தேன், பலன் உடனே தெரிந்தது. வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் ஏற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கிளாம்பில் 15 மில்லிமீட்டர் மேலே ஏற்றி வண்டியின் மூக்கை இறக்கினேன். பெட்ரோலைக் குறைத்தும் நிரப்பியும் ஓட்டிப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எடை என்பதாலோ என்னவோ, வித்தியாசம் ஒன்றும் பிடிபடவில்லை.

கிளம்பும் கோட்டில் நிற்கும் விளக்கு மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மஞ்சள் விளக்கு அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும், இன்னொரு அரை விநாடியில் பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம், மூன்றாவது மஞ்சளில் கையை அசைக்க வேண்டும். ஆனால் முன்சக்கரம் கிளம்பும் கோட்டில் உள்ள ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்தால்தான் கடிகாரமே ஓட ஆரம்பிக்கும். நான் பச்சை எரிந்து ஒரு விநாடி தூங்கினாலும் என் நேரம் கெடாது, பக்கத்து லேன்காரனிடம் தோற்பேன், அவ்வளவுதான். அதனால் பழகும் நாட்களில் விளக்கை ஓரளவு மறந்துவிட்டேன். இடது கைக்கு ஒரு வேலை போதும்.

போன முறை காலையில் காற்று குளிர்ந்திருந்தது. முதல் ரன்னில் 60 அடி 1.81, மொத்தம் 11.70. கால்கள் உடனே பெக் மேல், அதாவது கால் வைக்கும் கட்டை மேல், ஏறிவிட்டன. இரண்டாவதில் 1.79, 11.64. மூன்றாவதில் கிளம்பும்போதே தெரிந்தது. டயர் லேசாக முனகியது, சுற்றவில்லை, ஷாஃப்டின் இழுப்பில் பின்பக்கம் மெல்ல எழும்பி நின்றது, லிவர் கடைசிச் சுண்டுவிரல் தூரத்தைத் தானாகவே கடந்துபோன மாதிரி இருந்தது. 1.76. கடைசியில் 11.57, மணிக்கு 193 கிலோமீட்டர். நான்கு மாதம் இன்ஜினில் தேடியபோது கிடைத்தது 0.13. இங்கே ஒரு முழு விநாடி. மதியம் வெயில் ஏறியதும் அதே மாதிரி கிளம்பியும் 11.7-க்குக் கீழே வரவில்லை, வண்டியைக் கட்டிவிட்டேன்.

அடுத்து முன் ஃபோர்க்கை ஸ்ட்ராப் போட்டு இறுக்கிக் கட்டிப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது. 193-இல் கோட்டைத் தாண்டிவிட்டு, ஆட்டமே இல்லாத ஃபோர்க்கோடு பிரேக் பிடிப்பதை நினைத்தால் கொஞ்சம் யோசனையாகவும் இருக்கிறது. அது அப்புறம். மறுநாள் காலையில் பல் விளக்கப் போனேன், பற்பசைக் குழாயை இடது கையால் அழுத்த முடியவில்லை.